மனு எழுதுகிறவன் படித்த நீதிபதி

இலங்கை மலையகத்தில் பூண்டுலோயாவைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தினால், அவர் முதலில் தேடிப் போவது சட்டத்தரணியை அல்ல, சங்கத்துப் பிரதிநிதியை. டன்சினன், சீன், ஹெரோ, மடக்கும்புர என்று எந்தத் தோட்டத்திலிருந்து வந்தாலும் கையில் ஒரு கடிதம் இருக்கும். அது ஆங்கிலத்தில் இருக்கும், இல்லாவிட்டால் சிங்களத்தில். "என்னா எழுதியிருக்குன்னு பாருங்கண்ணே" என்று நீட்டுவார்கள். அதை வாசித்துத் தமிழில் சொல்வேன். நடந்ததைக் கேட்டு எழுதி, தொழில் நீதிமன்றத்துக்கு மனுத் தயாரிப்பேன். தவணைக்குத் தவணை அவர்களோடு பஸ் ஏறிப் போய் அவர்களுக்காகப் பேசுவேன். இதுதான் என் தொழில்.

தொழில் நீதிமன்றத்தில் பேசுவதற்குச் சட்டப் பட்டம் கட்டாயமில்லை என்பது பலருக்குத் தெரியாது. 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தை 1957இல் திருத்தியபோது இந்த நீதிமன்றங்கள் உருவாயின. வேலை பறிக்கப்பட்டவர் தாமே மனுச் செய்யலாம். அவர் சேர்ந்திருக்கும் சங்கமும் அவருக்காகச் செய்யலாம். வேலை நின்ற நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போய்ச் சேர வேண்டும். இந்தச் சட்டத்தில் நான் மிகவும் மதிக்கும் இடம் ஒன்று உண்டு. நீதிமன்றத் தலைவர் சாட்சியங்களைக் கேட்டு, தமக்கு நீதியும் ஒப்புரவுமாகத் தோன்றும் கட்டளையை வழங்கலாம் என்று அது சொல்கிறது. வேலை ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதோடு அவர் நின்றுவிட வேண்டியதில்லை. அவ்வளவு பெரிய இடத்தைச் சட்டம் ஒரு மனிதரின் மனச்சாட்சிக்கு விட்டுவைத்திருக்கிறது. அந்த மனிதர் யார், எங்கிருந்து வந்தவர், வாழ்க்கையில் எதைப் பார்த்தவர் என்ற கேள்வி அதனால்தான் எனக்கு எப்போதும் முக்கியமாக இருந்திருக்கிறது.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். கொழுந்து எடுக்கும் ஓர் அம்மாவை, மேற்பார்வையாளரின் சொல்லை மீறினார் என்று நிறுத்தியிருந்தார்கள். மாலை நிறுவைக்கு நிற்காமல் மலையை விட்டு இறங்கிப் போனார் என்பது குற்றம். உள்ளக விசாரணை முறைப்படி நடந்ததா, கடிதம் உரிய நேரத்தில் கிடைத்ததா என்ற இரண்டையும்தான் இரு தரப்பும் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தோம். நீதிமன்றத் தலைவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, கணக்கப்பிள்ளையிடம் தாமே கேட்டார். அந்த நம்பர் மலையிலிருந்து, நிறுவை நடக்கும் கொழுந்து மடுவம் எவ்வளவு தூரம்? பிள்ளைக் காம்பரா (தாய்மார் வேலையில் இருக்கும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) எத்தனை மணிக்குப் பூட்டப்படும்? மடுவத்தில் வரிசை நீண்டால் கைப்பிள்ளைக்காரிகள் என்ன செய்வார்கள்? கணக்கப்பிள்ளை நேர்மையான மனிதர். உள்ளதைச் சொன்னார். பிள்ளைக் காம்பராவைப் பூட்டும் நேரமும் நிறுவை நேரமும் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன என்று வழக்கேட்டில் பதிவாயிற்று. அம்மாவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது.

அந்தக் கேள்விகள் சட்டப் புத்தகத்தில் இல்லாதவை. அப்படியொரு கேள்வி ஒரு நீதிபதியின் வாயில் எப்படி வருகிறது? இதைத் தேடிப் போனபோதுதான் இந்திய உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த வி. ஆர். கிருஷ்ணய்யரின் தீர்ப்புகளை ஊன்றி வாசிக்கத் தொடங்கினேன். இந்தியத் தீர்ப்புகள் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆனாலும் தொழில் வழக்குகளில் நம் சட்டத்தரணிகள் அவற்றை எடுத்துக் காட்டுவது வழக்கம். கண்டியில் மூத்த சட்டத்தரணி ஒருவர் போட்டோப் பிரதியாக ஒரு கட்டுக் கொடுத்தார். அதில் பாதி கிருஷ்ணய்யர் எழுதியவை. அவருடைய ஆங்கிலம் கடினமானது. அகராதி பக்கத்தில் இல்லாமல் ஒரு பக்கம் தாண்ட முடியாது. ஏழைத் தொழிலாளிக்காக எழுதிய தீர்ப்பை அந்தத் தொழிலாளியின் பிள்ளை வாசிக்கும்படி எழுதியிருக்கலாமே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. ஆனால் அந்த மொழியைக் கடந்து உள்ளே போனால், வாழ்க்கை தெரிந்த ஒருவர் பேசுவது கேட்கும்.

அவர் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துக்காரர். தலைச்சேரியில் வழக்கறிஞராக இருந்து தொழிலாளருக்கும் குடியானவருக்கும் வாதாடினார். கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்று 1948இல் அவரையே பிடித்து ஒரு மாதம் சிறையில் வைத்தார்கள். 1952இல் கூத்துப்பறம்பிலிருந்து சென்னை மாகாணச் சட்டசபைக்குச் சுயேச்சையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மலபார் அப்போது சென்னையோடு இருந்தது. கேரளம் உருவான பின், 1957 தேர்தலில் தலைச்சேரியில் வென்று, ஈ. எம். எஸ். நம்பூதிரிபாட்டின் அமைச்சரவையில் சேர்ந்தார். சட்டம், உள்துறை, சிறை, நீர்ப்பாசனம், மின்சாரம் எல்லாம் அவர் கையில் இருந்தன. 1959இல் மத்திய அரசு அந்த அமைச்சரவையைக் கலைத்தது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் மிகச் சில வாக்குகளில் தோற்றார். தேர்தல் மனுப் போட்டு வென்று மீண்டும் சபைக்குள் போனார். 1965 தேர்தலில் தோற்றார். பிறகு வழக்கறிஞர் தொழிலில் இருந்தார். 1968இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி, 1971இல் இந்தியச் சட்ட ஆணைக்குழு உறுப்பினர், 1973 முதல் 1980 வரை உச்ச நீதிமன்ற நீதிபதி.

இந்த வரிசையில் என்னை நிறுத்திவைப்பது சிறைதான். கைதியாக உள்ளே இருந்தார். பின்பு சிறைத்துறையே அவருடைய அமைச்சின் கீழ் வந்தது. அதன் பிறகு கைதிகளின் வழக்கைக் கேட்கும் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரே கதவை மூன்று பக்கத்திலிருந்தும் பார்த்தவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? டில்லி திகார் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா, உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். தனக்காக எழுதவில்லை. இன்னொரு கைதியைக் காவலர் ஒருவர் பணம் பறிப்பதற்காகச் சித்திரவதை செய்ததைத் தெரிவித்திருந்தார். முத்திரை இல்லை, படிவம் இல்லை, வழக்கறிஞர் இல்லை. நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே மனுவாக ஏற்றது. கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினார். சிறைக்குள் போனவனுக்கும் அடிப்படை உரிமை உண்டு என்று சொல்வதோடு அவர் நிற்கவில்லை. சிறையில் முறைப்பாட்டுப் பெட்டி வைக்க வேண்டும், மாவட்ட நீதிபதி நேரில் போய்ப் பார்க்க வேண்டும், கைதிகளுக்கு அவர்களுடைய உரிமைகளை அவர்களுக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று நடைமுறையாகக் கட்டளையிட்டார். உத்தரவு போட்டால் அது எந்த மேசையில் தூங்கும் என்று தெரிந்த பழைய அமைச்சரின் கை அதில் தெரிகிறது.

எனக்கு அது வெறும் சிறைத் தீர்ப்பாகப் படவில்லை. என்னிடம் வரும் முறைப்பாடுகளும் அப்படித்தான் வரும். கொப்பியிலிருந்து கிழித்த தாளில், பள்ளிக்கூடம் போகும் மகள் எழுதிக் கொடுத்தது. திகதி இருக்காது. யார் மேல் முறைப்பாடு என்பது கடைசி வரியில் வரும். அந்தத் தாளை எறிந்துவிட்டு நானே அழகாக எழுதுவது சுலபம். சுனில் பத்ரா தீர்ப்பைப் படித்த பிறகு அந்தத் தாளையும் மனுவோடு சேர்த்தே கொடுக்கும் பழக்கம் வந்தது. என் வசனத்தில் இல்லாத ஏதாவது அதில் இருக்கும்.

பிணை விஷயமும் அப்படி. 1978இல் மோத்தி ராம் என்பவரின் வழக்கு. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த கொத்தனார். உச்ச நீதிமன்றமே பிணை கொடுத்திருந்தது. கீழே உள்ள நீதவான் பத்தாயிரம் ரூபாய்க்கு ஆள் பிணை கேட்டார். சகோதரர் முன்வந்தபோது, அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று ஏற்க மறுத்தார். கிருஷ்ணய்யர் ஆயிரம் ரூபாய்ச் சொந்தப் பிணையில் அவரை விடச் சொன்னார். காசில்லாதவனுக்குப் பிணை என்பது பெயருக்குத்தான் என்றால் அது நீதி அல்ல என்பது தீர்ப்பின் சாரம். தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இது விளக்காமலே புரியும். நாலு தலைமுறையாக இருக்கும் லயக் காம்பராவுக்கு உறுதி கிடையாது. காணி கிடையாது. சண்டை ஒன்றில் பையனைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனால், ஆள் பிணைக்கு நிற்க டவுனில் கடை வைத்திருக்கும் முதலாளி ஒருவரைத்தான் கெஞ்ச வேண்டும். அந்த நன்றிக் கடன் எத்தனை வருடம் நீளும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கிருஷ்ணய்யர் முதன்முதலாகச் சட்டசபைக்குப் போன 1952ஆம் ஆண்டு எங்களுக்கு வேறு காரணத்துக்காக மறக்க முடியாதது. அதற்கு ஐந்து வருடம் முன்பு, 1947இல், தலவாக்கலைத் தொகுதி மக்கள் சி. வி. வேலுப்பிள்ளையைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தார்கள். 1914இல் இந்தப் பூண்டுலோயாவின் மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்தவர் அவர். கவிஞர், நாவலாசிரியர், தொழிற்சங்கவாதி. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான் வென்றார். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அந்த வாக்காளர்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்து வந்த சட்டத்தோடு வாக்கும் போயிற்று. 1952 தேர்தலில் அவர்களை அனுப்பிய மக்களுக்கு வாக்குச் சீட்டு இல்லை. தொண்டமான் மறுபடி தேர்தலில் நின்று வென்றது 1977இல். தொழில் நீதிமன்றங்களை உண்டாக்கிய 1957ஆம் ஆண்டுத் திருத்தம் விவாதிக்கப்பட்டபோது, அதை அதிகம் நாடப்போகிற தோட்ட மக்களின் வாக்கில் வந்த குரல் அந்தச் சபையில் இல்லை. சட்டம் எங்களுக்கு மேலிருந்து வந்தது. அதை நாங்கள் சாட்சிக் கூண்டிலிருந்துதான் அறிந்துகொண்டோம். சட்டம் செய்யும் சபையிலிருந்து நீதி சொல்லும் ஆசனத்துக்குப் போன ஒருவரின் வாழ்க்கையை நான் இவ்வளவு ஆர்வமாகப் படித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அரசியலில் இருந்தவர் நீதிபதியானால் நடுநிலை இருக்குமா என்ற கேள்வியை நான் ஒதுக்கிவிடவில்லை. அவரை உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தபோது பம்பாய் வழக்கறிஞர்கள் சிலர் வெளிப்படையாகவே எதிர்த்தார்கள். எதிர்த்தது நியாயம்தான், ஆராயாமல் ஏற்கக்கூடிய நியமனம் அல்ல அது. விடை 1975இல் வந்தது. இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன்லால் சின்கா ஜூன் 12ஆம் திகதி தீர்ப்பளித்தார். மேன்முறையீடு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது விடுமுறைக் காலம். தனியாக அமர்ந்திருந்த நீதிபதி கிருஷ்ணய்யர். அவரை அந்தப் பதவிக்கு நியமித்தது இந்திரா காந்தியின் அரசு. எதிரே, தேர்தல் மனுவால் தாமே ஓர் ஆசனத்தை வென்ற அனுபவம். இரண்டு பக்கமும் சாயக் காரணம் இருந்தது. ஜூன் 24ஆம் திகதி அவர் கொடுத்தது நிபந்தனையோடு கூடிய இடைக்காலத் தடை. பிரதமர் பதவியில் தொடரலாம், சபைக்கும் போகலாம். ஆனால் சபை உறுப்பினராக வாக்களிக்கக் கூடாது, உறுப்பினருக்குரிய சம்பளம் வாங்கக் கூடாது. முழுத் தடை கேட்டவர்களுக்கும் திருப்தியில்லை, தடையே கூடாது என்றவர்களுக்கும் திருப்தியில்லை. மறுநாள் இரவு நெருக்கடி நிலை வந்தது. வாக்கில்லாமல் சபையில் உட்கார்வது என்றால் என்ன என்பதைச் சபையில் இருந்தவர்தான் அவ்வளவு துல்லியமாக அளந்திருக்க முடியும் என்று நான் நினைக்கிறேன்.

அரசியலிலிருந்து நீதிபதியானவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இருந்துவிடவில்லை. கே. எஸ். ஹெக்டே மாநிலங்களவையிலிருந்து 1957இல் மைசூர் உயர் நீதிமன்றத்துக்குப் போய், உச்ச நீதிமன்றத்திலும் இருந்து, பிறகு மக்களவைச் சபாநாயகரானார். நிமிர்ந்து நின்ற நீதிபதி என்று பெயர் எடுத்தவர். பஹருல் இஸ்லாமோ மாநிலங்களவையிலிருந்து நீதிபதியாகி, உச்ச நீதிமன்றத்திலிருந்து 1983இல் விலகி, நேரே அரசியலுக்குத் திரும்பினார். அந்தக் கதவு இரண்டு பக்கமும் திறந்து மூடுவது நல்லதல்ல என்பதே என் கருத்து. அமெரிக்காவில் அரிசோனா மாநிலச் செனட்டில் பெரும்பான்மைக் கட்சித் தலைவராக இருந்த சாண்ட்ரா டே ஓகானர், மாவட்ட அளவிலான நீதிமன்றத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏறி, 1981இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். கீழ் நீதிமன்றத்தில் சாட்சிகளின் முகம் பார்த்து வருவது நல்ல ஏற்பாடு. கிருஷ்ணய்யருக்கு அந்தப் பயிற்சியை வழக்கறிஞர் தொழிலும் தொகுதியும் கொடுத்தன.

என் தொழிலுக்கு நெருக்கமான பெரிய தீர்ப்பு, 1978ஆம் ஆண்டின் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கு. ஏழு நீதிபதிகள் அமர்ந்தார்கள். தொழிலாளர் சட்டத்தின் பாதுகாப்பு எந்த நிறுவனத்தில் வேலை செய்பவருக்குக் கிடைக்கும் என்பது கேள்வி. முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து, ஒழுங்குமுறையாக, மனிதத் தேவைக்கான பொருளையோ சேவையையோ உண்டாக்கினால் போதும். இலாப நோக்கம் இருக்க வேண்டும் என்பதில்லை என்று பெரும்பான்மைக்காகக் கிருஷ்ணய்யர் எழுதினார். வைத்தியசாலை, பள்ளிக்கூடம், தரும நிறுவனம் எல்லாவற்றின் ஊழியருக்கும் கதவு திறந்தது. அதே தீர்ப்பில், இதைத் தெளிவுபடுத்த வேண்டியது சட்டம் இயற்றும் சபையின் கடமை என்றும் கூறப்பட்டது. 1982இல் இந்தியப் பாராளுமன்றம் சட்டத்தில் 'கைத்தொழில்' என்ற சொல்லின் வரைவிலக்கணத்தைத் திருத்தியது. அந்தத் திருத்தம் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவே இல்லை. பல ஆண்டுகள் கழித்து அந்தத் தீர்ப்பை மறுபடி ஆராய ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பினார்கள். அவர் கதவை மிக அகலமாகத் திறந்துவிட்டார் என்று சொல்பவர்களின் வாதத்தில் கனம் இருக்கிறது. சின்னக் கோவிலையும் பெரிய ஆலையையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியுமா என்பது நேர்மையான கேள்வி. ஆனாலும் அத்தனை ஆண்டுகள் ஒரு வைத்தியசாலைத் துப்புரவுத் தொழிலாளி வேலை போனபோது போய் நிற்க ஓர் இடம் இருந்தது. நான் அவர் பக்கம்தான்.

ஓய்வுக்குப் பிறகு எறணாகுளத்து வீட்டில் மனுக்காரர்களைச் சந்தித்துக்கொண்டே இருந்தார். 1987இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் ஆர். வெங்கட்ராமனுக்கு எதிராக நின்று தோற்றார். 2014 டிசம்பர் 4ஆம் திகதி காலமானார்.

இப்போது எங்கள் மலைகளில் அவருடைய இன்னொரு தீர்ப்புக்குத்தான் வேலை அதிகம். கோழிக்கோட்டில் ஹுசைன்பாய் என்பவரின் கயிற்றுத் தொழிற்சாலை. அங்கே வேலை செய்த 29 பேரை ஒப்பந்தக்காரர்கள் மூலம் எடுத்திருந்தார்கள். வேலை இல்லை என்று அனுப்பியபோது, அவர்கள் என் ஆட்கள் அல்ல, ஒப்பந்தக்காரரின் ஆட்கள் என்றார் உரிமையாளர். 1978இல் கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு மூன்று நாலு பக்கம்தான். ஒருவருடைய உழைப்பு இன்னொருவரின் வியாபாரத்துக்காகப் பொருள் உண்டாக்குகிறதா? அந்த வியாபாரக்காரர் கையை எடுத்துவிட்டால் உழைப்பவரின் பிழைப்பு நின்றுபோகுமா? அப்படியானால் அவர்தான் முதலாளி. நடுவில் எத்தனை தாள் இருந்தாலும் அதை விலக்கிப் பார்க்க வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு.

முன்பெல்லாம் கொந்தரப்பு (ஒப்பந்த வேலை) என்றால் புல்லு வெட்டவும் கவ்வாத்துக்கும்தான். இன்று சில தோட்டங்களில் தேயிலை மலையையே குடும்பத்துக்கு இத்தனை செடி என்று பிரித்துக் கொடுத்து, கொழுந்துக்குக் கிலோக் கணக்கில் பணம் என்கிறார்கள். செக்ரோலிலிருந்து (தோட்டத் தொழிலாளர் பதிவேட்டிலிருந்து) பேரை எடுத்துவிட்டால் நாட்சம்பளம் இல்லை, ஊழியர் சேமலாப நிதி இல்லை, பணிக்கொடை வளர்வதும் நின்றுபோகிறது. சிலருக்கு இது பிடித்திருக்கிறது. தங்கள் நேரத்துக்கு மலைக்குப் போகலாம், பிள்ளைகளும் கை கொடுக்கும், கொழுந்து காலத்தில் கையில் கூடுதல் காசு. அதை நான் மறுக்க மாட்டேன். மழை பொய்த்த மாதத்தில், அல்லது அந்த வீட்டு மனுசி வழுக்கி விழுந்து கால் உடைந்த நாளில், யார் பொறுப்பு என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. "நீங்க இப்ப எங்க ஆள் இல்ல, சொந்தமா செய்றவங்க" என்று காரியாலயத்தில் சொல்லி அனுப்பியதாக என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

புதிதாகப் பிரதிநிதி வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் அந்தக் கோழிக்கோட்டுத் தீர்ப்பைக் கொடுத்து, இந்த வழக்குகளுக்கு என்ன சாட்சியம் தேட வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறேன். குடும்பத்திடம் கையெழுத்து வாங்கிய ஒப்பந்தத்தின் பிரதி முதலில் வேண்டும். பெரும்பாலும் அது அவர்கள் கையில் இருக்காது, எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். கொழுந்தை வேறு தொழிற்சாலைக்கு விற்க அனுமதி உண்டா என்று பாருங்கள். கிலோவுக்கு விலை வைப்பது யார், உரத்தையும் மருந்தையும் யார் கொடுத்து எதில் கழிக்கிறார்கள், எந்த நாளில் எந்த மலையை எடுக்க வேண்டும் என்று சொல்வது யார், தரமில்லை என்று கொழுந்தைத் திருப்பி அனுப்புவது யார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டோ ஒரு சாட்சியோ எடுத்து வையுங்கள். கங்காணி இன்னும் அந்த மலையைச் சுற்றி வருகிறாரா, அவருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேளுங்கள். ஆறு மாதக் கெடு, பேரை எடுத்த நாளிலிருந்தா, மலையைத் திருப்பி எடுத்த நாளிலிருந்தா என்று எதிர்த்தரப்பு நிச்சயம் கேட்கும். ஆகவே செக்ரோலில் கடைசியாகப் பேர் விழுந்த மாதத்தை அந்த அம்மாவின் சம்பளத் துண்டிலிருந்தே குறித்துக்கொண்டு, அதன் பிறகு மனுவின் முதல் பந்தியை எழுதுங்கள்.